மாமா கொடுத்த பினாப்தலீன்

பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் ரசாயனத்தைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சோதனை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பினாப்தலீன் புட்டிதான் இருந்தது. காரத்தில் அதை இரண்டு சொட்டு விட்டால் ரோஜா நிறம் வரும். அளவுக் கோடு போட்ட பியூரெட் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, சரியான சொட்டில் அந்த நிறம் பட்டென்று மறையும். நாங்கள் முதன்முதலாக அதைச் செய்யவிருந்த நாளுக்கு முந்தின மாலை, மேஜையைத் துடைக்கும்போது என் கை பட்டுப் புட்டி உடைந்தது. பார்த்தது என் பெஞ்சுத் தோழிகள் இருவர் மட்டுமே.

"அழுவாதடி, நாங்க சொல்லமாட்டோம்" என்றாள் ஒருத்தி.

"நாளைக்கு சார் இன்னாத்த ஊத்துவாரு?" என்றாள் மற்றவள்.

சார் எதிரில் எனக்கு நாக்கே எழும்பாது. கடைத்தெருவுக்கு ஓடினேன். தாய்மாமா அங்கே மருந்துக்கடையில் கம்பவுண்டர். சீட்டில் எழுதிய பெயரைக் காட்டினேன்.

"இது உனக்கு இன்னாத்துக்குடி?"

"கிளாஸுக்கு மாமா."

"கிளாஸுக்கேவா!"

கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு டப்பாவிலிருந்து நாலு மாத்திரையை நசுக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, வடிகட்டிப் புட்டியில் கொடுத்தார். "பத்தலன்னா கரைச்சிக்க" என்று டப்பாவையும் கொடுத்தார். விரலில் ஒட்டிய தூளை நக்கினேன். இனித்தது. மருந்தென்றால் கசக்குமே, இது மிட்டாய்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

காலையில் சார் வருமுன் புதுப் புட்டி பழைய இடத்தில் நின்றது. என் முறை வந்தது. இரண்டு சொட்டு விட்டேன். குடுவை முழுக்க ரோஜா! ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலையே பெயர்ந்து விழுந்திருந்தாலும் நான் திரும்பியிருக்கமாட்டேன். குடுவையைச் சுழற்றச் சுழற்ற அமிலம் இறங்கியது. பத்தொன்பது. இருபது. இன்னும் ஒரு சொட்டு. வெறும் தண்ணீர்!

"போச்சுடி, போச்சு!" என்று தோழிகள் குதித்தார்கள். மறுபடி செய்தோம். அதே அளவு.

"பலே! சொட்டு பிசகலியே" என்றார் சார்.

அந்தச் சந்தோஷத்தில் டப்பாவைத் திறந்து தோழிகளுக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். சாரிடமும் நீட்டினேன். நானாக அவர் பக்கத்தில் போனது அதுதான் முதல் தடவை.

"இன்னாம்மா விசேஷம்?"

"எங்க மாமா குடுத்தாரு, சார்."

வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றும் கேட்டு வாங்கினார். எனக்குத்தான் மிஞ்சவில்லை.

மாமா ஏன் அப்படிச் சிரித்தார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. நிறம் காட்டும் அதே சரக்கைத்தான் பேதி மாத்திரையிலும் போடுகிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் ரசாயன வகுப்பு நடக்கவில்லை. எங்கள் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.