ஜன்னலோரக் கட்டில்

செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் முகம் தானாகச் சுளிக்கும். மற்ற பிள்ளைகள் அ, ஆ எழுதிப் பழகிய வயதில் நான் கடையில் உட்கார்ந்து பழகிய பாடம் அது. வாங்க வந்தவர் குடத்தை எடுப்பார், விரலால் சுண்டுவார், இல்லாத ஓட்டையை வெளிச்சத்தில் தேடுவார், கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். கடைக்காரர் கல்லாவில் அசையாமல் இருப்பார். போகிறவர் பக்கத்துச் செருப்புக் கடையைத் தாண்டும் நேரம், “ம்மா, இங்க வாம்மா” என்று குரல் கொடுப்பார். அதற்கு முன்னால் இவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதற்கு அப்புறம் அவர் சும்மா இருக்கக் கூடாது. இரண்டு பேருக்கும் தெரிந்த நாடகம்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து நடிப்பார்கள்.

நான் கொஞ்சம் படிக்கிறவன். கல்லாவுக்குக் கீழே எப்போதும் ஒரு தடித்த நாவல் கிடக்கும். அப்பன் மகளைப் பிரிகிற கட்டங்களில் எத்தனையோ மொழிபெயர்ப்புகளை நனைத்திருக்கிறேன். அதனால், மகளுக்கு ஹாஸ்டல் பார்க்கப் போகிற அன்றைக்கு இலக்கியம் துணைக்கு வரும் என்று நம்பினேன். வந்தது செருப்புக் கடைதான்.

மகளுக்குத் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்லூரியின் சொந்த ஹாஸ்டல் நாங்கள் விசாரிப்பதற்குள் நிரம்பிவிட்டது. சுற்றியுள்ள தெருக்களில் பெண்களுக்கான தனியார் ஹாஸ்டல்கள் நிறைய இருக்கின்றன, நேரில் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாள் குறித்தது என் மனைவி. அமாவாசை நல்ல நாள், மறுநாள் பாட்டிமை, அதாவது பிரதமை, ஆகாது. நாளுக்கு நல்லது பஸ்ஸுக்கு நல்லதா என்று அவள் யோசிக்கவில்லை. அமாவாசை என்றால் எங்கள் பக்கத்து பஸ்ஸில் பாதி, ஸ்பெஷல் என்று போர்டு மாட்டிக்கொண்டு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிடும். மிச்சமிருக்கிற சென்னை பஸ்ஸில் மிச்சமிருக்கிற ஊரே ஏறும்.

அன்று காலை பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைந்து நிற்பதற்குள் மகள் என் தோளிலிருந்த கட்டம் போட்ட துண்டை உருவி ஜன்னல் வழியாக உள்ளே போட்டாள். பத்துப் பேரை இடித்துக்கொண்டு நாங்கள் ஏறியபோது துண்டு மட்டும் அந்த சீட்டில் தனியாக, கௌரவமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. ஒரு துணி எப்படி உரிமைப் பத்திரம் ஆகும், இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று நான் அவளுக்குத் தத்துவம் சொல்ல ஆரம்பித்தேன்.

“உக்காரு நைனா” என்றாள்.

உட்கார்ந்தேன். திண்டிவனம் தாண்டியதும் அவள் தன் தேவையைச் சொன்னாள். சாப்பாடு எப்படி இருந்தாலும் சரி, ரூமில் எத்தனை பேர் இருந்தாலும் சரி, ஜன்னல் ஓரமாக ஒரு கட்டில் வேண்டும். அது ஒன்று போதும்.

நான் வெளியே பார்க்கத் தொடங்கினேன். கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. அவள் அறைக்கும் ஒரு ஜன்னல் உண்டு. உண்டு என்பது வீடு கட்டியவருக்குத் தெரியும். அவள் பிறந்ததிலிருந்து அதன் முன்னால் என் கல்யாண அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. பிளஸ் டூ முழுவதும் டியூப் லைட்டில், கீழே சொம்பு சுண்டுகிற சத்தத்தில் படித்தவள் அவள். ஒரு நாளும் அண்டாவை நகர்த்தச் சொல்லவில்லை.

முதலில் பார்த்த ஹாஸ்டலில் கட்டில்களை என் கடை ராக்கைப் போலவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள், ஜன்னலே இல்லை. இரண்டாவதில் ஜன்னல் இருந்தது. கையை நீட்டினால் பக்கத்து ஹாஸ்டலின் ஜன்னலைச் சாத்தலாம். மூன்றாவது இடத்தில், மாடியில், நான்கு பேர் அறை. இரண்டு கட்டில்களில் ஏற்கெனவே ஆள் வந்திருந்தது. காலியாக இருந்தவற்றில் ஒன்று கதவோரம், ஒன்று ஜன்னலோரம். வெளியே ஒரு மொட்டை மாடி, கொடியில் துணி, அதற்கப்பால் ரயில் பாதை, தூரத்தில் ஒரு குன்று. காற்று உள்ளே வந்து காலண்டரைப் படபடவென்று அடித்துவிட்டுப் போனது.

மகள் அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

எனக்குப் பகீரென்றது. வாங்க வந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய முகமா அது? எங்கள் கடையில் இதற்கு ஒரு சங்கேதம் உண்டு. இருமினேன். அவள் கவனிக்கவில்லை. மறுபடி பலமாக இருமினேன். வார்டன் அம்மாள் பதறிப்போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்.

இனி நானே களத்தில் இறங்குவது என்று முடிவு செய்தேன். இரும்புக் கட்டிலைச் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றேன். ஃபேன் முனகுகிறது என்றேன். குழாயைத் திறந்து தண்ணீரை முகர்ந்தேன். வார்டன் குன்றைக் காட்டி, ரூமிலிருந்தே மலை தெரியும் சார் என்று பெருமையாகச் சொன்னபோது, எங்கள் ஊரில் இதற்குக் கல் என்று பெயர் என்று சொல்லிவைத்தேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

வார்டன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ஃபேன் முனகும், தண்ணீர் அப்படித்தான், கட்டில் பழசுதான். குறையை ஒத்துக்கொள்கிற வியாபாரியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: “ரெண்டுதான் காலி சார். யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு.”

இதைத்தானே நானும் தினமும் கடையில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று படியிறங்கினேன். நீ போ நைனா, வர்றேன் என்று ஒரு நிமிஷம் பின்தங்கிய மகள், பின்னாலேயே வந்துவிட்டாள்.

தெருவில் மெதுவாக நடந்தேன். செருப்புக் கடைக்குப் பதிலாக அங்கே ஒரு ஜூஸ் கடை இருந்தது. அதைத் தாண்டினேன். குரல் வரவில்லை. ஒருவேளை இந்தப் பக்கத்தில் தூரம் கொஞ்சம் அதிகமோ என்று மூலை வரை போய்ப் பார்த்தேன். வரவில்லை. திரும்பி வந்து ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“கூப்ட மாட்டாங்க நைனா.”

“கூப்டுவாங்க. கொஞ்சம் இரு.”

“இது இன்னா நம்ம தெருவா?”

அப்போது ஓர் ஆட்டோ வந்து அந்த ஹாஸ்டல் வாசலில் நின்றது. அப்பா, அம்மா, என் மகள் வயதில் ஒரு பெண், பெரிய சூட்கேஸ், பாய், பக்கெட். விலை விசாரிக்க வந்தவர்கள் பக்கெட்டோடு வர மாட்டார்கள். மூன்று பேரும் மாடியேறினார்கள்.

என் சாத்துக்குடி ஜூஸைப் பாதியில் பெஞ்சில் வைத்தேன். பதினேழு வருஷமாக ஜன்னலை அண்டாவால் அடைத்தவன், கிடைத்த ஜன்னலை இப்போது வாயால் அடைத்துவிட்டேன். மகளோ ஸ்ட்ராவால் ஐஸ் கட்டியைக் குத்திக்கொண்டிருந்தாள். கோபமாகவாவது இருக்கக் கூடாதா? அவள் அப்படி அமைதியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. விட்டுவந்த கடைக்கு நானாகத் திரும்பிப் போனது என் வம்சத்திலேயே கிடையாது. எழுந்து போனேன். ஓடினேன் என்று மகள் சொல்கிறாள். ஜூஸ் கடைக்காரர் சாட்சி என்கிறாள்.

மாடியில், புதிதாக வந்த பெண்ணின் அம்மா கதவோரக் கட்டிலில் பாயை விரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரக் கட்டிலின் நட்டநடுவில் கட்டம் போட்ட துண்டு ஒன்று விரிந்து கிடந்தது. என் தோளைத் தடவிப் பார்த்தேன். காலி.

வார்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. “துண்டுதானே, எடுத்து வெச்சுட்டு ஜன்னல் பக்கமே படுத்துக்கலாம்னு சொல்றேன் சார். கேக்கவே மாட்டேங்கிறாங்க.”

அந்தப் பெண்ணின் அப்பா, திருடச் சொன்னதைப் போல வார்டனைப் பார்த்தார். “அது எப்டிங்க எடுக்கறது? துண்டு போட்ருக்குதே.”

எந்த ஊர் என்று கேட்டேன். வந்தவாசி என்றார். மாதம் தவறினாலும் மேல்மலையனூர் அமாவாசை பஸ் தவற மாட்டாராம், இன்று ராத்திரியும் அதில்தான் போவாராம். எழுந்து கும்பிடலாம் போல இருந்தது, நின்றுகொண்டுதான் இருந்தேன்.

வார்டன் பக்கம் திரும்பி, என் வாழ்க்கையில் வாங்குபவனாக நின்று ஒரு தடவையும் சொல்லாததைச் சொன்னேன். “இந்தக் கட்டில் ரொம்ப நல்லா இருக்குது மேடம்.”

“ஃபேன் முனகுதுன்னீங்க?”

“அது காத்து நல்லா வருதுன்னு அர்த்தம்.”

அட்வான்ஸ் கட்டிய பிறகு துண்டை எடுக்கப் போனேன். மகள் தடுத்தாள். ரசீது கையில் இருந்தாலும் வந்து சேருகிற வரைக்கும் துண்டு அங்கேயே இருக்கட்டும் என்றாள். காலையில் நான் ஆரம்பித்த தத்துவத்தை முடிக்க இப்போது யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் ஊருக்குத் திரும்புகிற பஸ் முழுக்க மேல்மலையனூர்க் கூட்டம். எங்களிடம் போடத் துண்டு இல்லை. நின்றுகொண்டே வந்தோம். அவள் கம்பியைப் பிடித்தபடி, என் இருமலை எனக்கே நடித்துக் காட்டிக்கொண்டு வந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்த வாரத்தில் அண்டாக்களைக் கடைக்கு இறக்கினேன். இப்போது யாருக்கு என்று மனைவி கேட்டாள். ஸ்டாக் எடுக்கிறேன் என்றேன். ஜன்னல் திறக்கவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, கெஞ்சித் திறந்தேன்.

முதல் லீவுக்கு வந்தவள் தன் அறை வாசலில் நின்றுவிட்டாள். பிறகு உள்ளே போய் ஜன்னல் கம்பியை விரலால் சுண்டினாள். வெளியே எட்டி, கோட்டை மலையை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“காத்து சரியில்லயே” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாடிப்படியில் இறங்கினாள்.

கடைசிப் படியைத் தாண்டட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

“ம்மா, இங்க வாம்மா.”