பெட்டிக்குள் பெட்டி

பஸ் டிரைவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் துறைமுகக் கிடங்கு மேஸ்திரிக்கு வாழ்க்கைப்பட்டாள். இளையவளோ ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்னால், அப்பன் ஓட்டிய பஸ்ஸிலேயே பிறந்தவள். அன்றைக்கே 'அவசரம்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அக்காள் புருஷன் வேலை பார்க்கும் அதே கிடங்கின் மாடியில் அவசரம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள். இரண்டு வருஷமாக ஒரே வேலை. கப்பல் வருமுன் சரக்கின் பட்டியல் எக்ஸ்எம்எல் என்ற முறையில் வந்து சேரும். வெறும் எழுத்துக் கூட்டமாகத் தெரியும், ஆனால் ஒழுங்கு உண்டு. 'பெட்டி' என்று ஒரு குறி திறக்கும். எண், எடை, உள்ளிருக்கும் பொருள் எல்லாம் வரும். பிறகு பெட்டி முடிந்தது என்று குறி மூடும். இந்த எழுத்தை மெஷினுக்குள் பேசும் பெட்டியாக எழுப்ப ஓர் அச்சு வேண்டும். அதற்குத்தான் கிளாஸ் என்று பெயர். அந்த அச்சில் வார்த்த ஒவ்வொரு பெட்டியும் கேட்டதற்குப் பதில் சொல்லும்: எண் என்ன, எடை என்ன, குளிர் அறைக்குப் போக வேண்டியது உள்ளே இருக்கிறதா.

அவள் இரண்டு அச்சுகள் செய்திருந்தாள். ஒன்று 'பெட்டி'. அதற்குள் வரும் சின்னதற்கு 'உள்பெட்டி'.

"என் கொழுந்தியா எழுதினது சார், கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்" என்று மேலாளரிடம் வாக்குக் கொடுத்தவர் மேஸ்திரிதான். அதை நம்பி, முதன்முதலாக ஒரு கப்பலின் சரக்கை அவள் புரோகிராம் சொன்னபடி இறக்கினார்கள்.

காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மருந்தாளர் போன் செய்தார். "குழந்தைங்க வார்டு மருந்தெல்லாம் குளிர் ரூமுக்குப் போயிடுச்சா?"

திரையில் பார்த்தால் குளிர் அறைக்கு ஒரு பெட்டிகூட இல்லை. வெளியே இருநூறு பெட்டிகள் வெயிலில் நிற்கின்றன. மருந்தோடு வைத்த பனிக்கட்டி மத்தியானம் வரைதான் தாங்கும்.

"பதினோரு மணி வரைக்கும் பாரு" என்றார் மேலாளர். "அப்புறம் ஒண்ணொண்ணா உடைச்சுத் தேட வேண்டியதுதான். உன் புரோகிராமை மூட்டை கட்டிடலாம்."

அவசரம் பட்டியலை வெறும் எழுத்தாகவே திறந்து 'குளிர்' என்று தேடினாள். முந்நூறு இடத்தில் இருந்தது! ஒன்றைப் பிடித்து வரிவரியாக மேலே ஏறினாள். பெட்டி, அதற்குள் பெட்டி, அதற்குள்ளும் ஒரு பெட்டி. மூன்றாவதை வைக்க அவளுடைய அச்சில் இடமே இல்லை. புரோகிராம் வாயைத் திறக்காமல் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

"மாமா, அறுபத்தொண்ணாம் நம்பரை எடுங்க!" என்று போனில் கத்தினாள். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் போய்விட்டது. மிச்சத்தைக் கையால் தேடினால் சாயங்காலம் ஆகும்.

நாற்பது மாதிரிப் பட்டியல்களைப் பார்த்துத்தான் அச்சு செய்தாள். ஒன்றிலும் மூன்றாவது அடுக்கு இல்லை. ஆனால் எதற்குள் எது வரலாம் என்று விதி சொல்லும் ஸ்கீமாவும் கூடவே வந்திருந்தது. பதினோரு பக்கம். மாதிரிதான் இருக்கிறதே என்று அதைத் திறக்கவே இல்லை மகராசி. இப்போது திறந்தாள். நாலாம் பக்கத்தில் ஒரே வரி: பெட்டிக்குள் பெட்டி வரலாம்.

பரபரவென்று 'உள்உள்பெட்டி' என்று மூன்றாவது அச்சை எழுத ஆரம்பித்தாள். அதற்குள் மேஸ்திரி மூச்சிரைக்க மாடியேறி வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன உள்உள்? நாளைக்கு அதுக்குள்ள ஒண்ணு வந்தா கொள்ளுப்பெட்டி, எள்ளுப்பெட்டின்னு பேரு வைப்பியா?"

"மாமா, கிண்டல் பண்ற நேரமா இது!" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பேத்தி, கொள்ளுப்பேத்தி என்பதெல்லாம் நாம் நிற்கிற இடத்திலிருந்து எண்ணிச் சொல்வது. அவளவள் வீட்டில் அவளவள் ஒரு பெண்பிள்ளை. அவளுக்கும் பிள்ளைகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெட்டியும் அப்படித்தானே? எந்த ஆழத்தில் கிடந்தாலும் பெட்டி, பெட்டிதான்!

'உள்உள்'ளை அழித்தாள். 'உள்பெட்டி'யையும் அழித்தாள்.

"அடியே, இருக்கிறதையும் அழிக்கிற!"

"சும்மா இருங்க மாமா!"

மிச்சமிருந்த ஒரே அச்சில், பொருள்களுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: இந்தப் பெட்டிக்குள் பெட்டிகளின் வரிசை ஒன்று இருக்கும். அச்சு தன்னையே தனக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டது! குளிர் உண்டா என்று வெளிப்பெட்டியைக் கேட்டால், அது தன் பிள்ளைகளைக் கேட்கும். அவை தங்கள் பிள்ளைகளைக் கேட்கும். அடியிலிருந்து பதில் மேலே ஏறி வரும்.

பதினோரு மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கையில் ஓட்டினாள். திரையில் சடசடவென்று ஒன்பது எண்கள் விழுந்தன. அறுபத்தொன்றும் அதில் இருந்தது!

மேஸ்திரி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். கால் மணி நேரத்தில் அவர் குரல் போனைக் கிழித்தது. "ஜில்லுன்னு இருக்கு! ஒன்பதுமே ஜில்லுன்னு இருக்கு!"

அவசரம் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தே விட்டாள். மேலாளர் அதைக் காணாதவர் போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இனி எத்தனை அடுக்கு வரைக்கும் தாங்கும்?"

"எண்ணுறதையே விட்டாச்சு சார்."

"சரி, ரெண்டு மணிக்கு அடுத்த கப்பல் பட்டியல் வருது. அதையும் ஓட்டு."

"ஓட்டுறேன். அதுக்குள்ள மிச்சம் ஏழு பக்கத்தையும் படிச்சு முடிச்சிடுறேன் சார்" என்று ஸ்கீமாவின் ஐந்தாம் பக்கத்தைத் திறந்தாள்.