அக்காவிடம் சொல்லக் கூசிய பாடம்

பட்டாபிராமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ஒரே அறைதான். அடுப்பும் அங்கே, கட்டிலும் அங்கே. ரயில் போனால் பாத்திரமெல்லாம் ஒருமுறை சிணுங்கும். பிரசவத்துக்கு வந்த அக்கா, குழந்தைக்கு ஏழு மாதமாகியும் மாமியார் வீட்டுக்குத் திரும்பவில்லை. அதனால் நடுவில் ஒரு தூளியும் தொங்கியது. குனிந்துதான் நடக்க வேண்டும். இன்றைக்கு எனக்கென்று தனி அறை இருக்கிறது. தூக்கம்தான் அந்த வீட்டில் வந்த மாதிரி வருவதில்லை.

அப்போது நான் நர்சிங் முதலாண்டு. பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் அம்மா, என் வெள்ளைச் சட்டையை மட்டும் தனி வாளியில் துவைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீராகவே போனது. அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நீ துன்ன கத்திரிக்கா பால்ல எறங்கிக்கீது. பாலை நிறுத்துடி. வயிறு காயட்டும்."

அக்கா நிறுத்திவிட்டாள். நான் மருந்துக்கடைக்கு ஓடி ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிவந்து, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தேன். நாக்கால் தள்ளினான். கன்னத்தில் வழிந்ததுதான் மிச்சம். முகத்தைத் திருப்பி அக்காவின் மார்பை முட்டி முட்டி அழுதான்.

வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பரீட்சையில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் என்னைத் தூக்கி வளர்த்த அக்காவிடம், அதுவும் அம்மாவை வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? அவள் பால் கொடுக்க உட்கார்ந்தாலே நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

"இன்னாடா, வாய்ல எறும்பு பூந்தா மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா.

"இல்லக்கா... அத நிறுத்தக் கூடாது."

"எத?"

"அதான்... நீ குடுக்கறது."

"நான் இன்னாத்த குடுத்தேன்? காலைலேர்ந்து ஒண்ணுமே குடுக்கலியே!"

"பெர்ய டாக்டரு! பேசவே வரல," என்று சிரித்தார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து குழந்தையின் துணி சிறுநீரில் நனையவே இல்லை. இப்போது அழுகிறான், கண்ணில் நீர் இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் காலையிலிருந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, புள்ளைக்குப் பால் குடு. உன் பாலைத்தான் சொல்றேன். கத்திரிக்காயால ஒண்ணும் ஆவல. பால நிறுத்துனதுதான் தப்பு. நான் போய் ஆட்டோ கூட்டியாறேன், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

தலை குனிந்தபடியே திரும்பினேன், தூளியில் இடித்துக்கொண்டேன். அம்மா, "சொல்றான்ல, குடுடி. படிச்சவன் சும்மாவா சொல்வான்?" என்றார். அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

ஆட்டோவில் அம்மாவும் அக்காவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். நான் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்தேன். குழந்தை பால் குடிக்கும் சத்தம் என்ஜின் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. இடையிடையே அம்மா கரைசலைப் புகட்டினார்.

"சீக்கிரம் போண்ணா," என்று டிரைவரை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன்.

ஆவடி ஆஸ்பத்திரியை நெருங்கும்போது அக்கா கத்தினாள். "டேய்! மூத்திரம் வுட்டுட்டான்டா! பொடவையெல்லாம் நாஸ்தி!"

யாருடைய புடவை நாஸ்தியானதற்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. டிரைவரே சிரித்துவிட்டார். நான் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.