நீலத் துளையில் சந்தனம்

பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும் மலேசியாவில் எங்கள் ஊரான பத்து பாகாட்டில் ஒரு கடையில் வேறொன்று வாங்கினேன். வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் சந்தனம், குங்குமம் வைக்காமல் என் மனைவி தொட விடமாட்டாள். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அந்த வேலையும் இப்போது என்னுடையதுதான். தாராளமாகவே குழைத்துப் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் வைத்தேன்.

குடும்பப் படங்கள் எல்லாம் தனி ஹார்ட் டிஸ்கில் இருந்தன. கம்ப்யூட்டரில் வேகமான நீல யூஎஸ்பி துளை முன்பக்கத்தில் ஒன்றே ஒன்று; மற்றவை மெதுவான கறுப்புத் துளைகள். நீலத்தில்தான் செருகினேன். நகலெடுக்கப் பன்னிரண்டு மணி நேரம் என்றது. வந்த கோபத்தில் கடைக்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டு, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனை அழைத்தேன்.

"நீலத்துல போட்டா பறக்கணுமேப்பா! டிரைவர் அப்டேட் பண்ணுங்க. நாளைக்குப் பாக்கலாம்."

மாதம் ஒருமுறை "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவன், அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அழைத்தான். டிரைவர் மாற்றினோம், கேபிள் மாற்றினோம். நடுநடுவே மேலாளரோடு சண்டை, முட்டி வலி என்று என்னென்னவோ சொன்னான். அவன் அம்மா வைத்த மீன் குழம்பைப் பற்றி ஒருநாள் அரை மணி நேரம் பேசினோம். வீட்டில் ஆள் இருப்பது போல இருந்தது.

பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நீலத் துளையின் வாயில் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. வேகத்துக்கான தகடுகளை அது மூடியதால்தான் இத்தனை பாடு. தலையில் அடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்து, பல்குச்சியும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தேன். மறுபடி செருகினால் மூன்று மணி நேரம் என்றது.

மகனிடம் சொல்லப் போனை எடுத்தேன். எண்ணை அழுத்த மனம் வரவில்லை. சரியாகிவிட்டது என்றால் இனி எதற்கு அழைப்பான்?

ஏழு மணிக்கு அவனே அழைத்தான். "என்னப்பா, ஓகே ஆச்சா?"

"எங்க ஆச்சு? அதே ஸ்லோதான் லா."

"ஸ்கிரீன போட்டோ எடுத்து அனுப்புங்க."

ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கிக் கறுப்புத் துளையில் செருகி, பன்னிரண்டு மணி நேரம் என்று வந்ததும் படம் எடுத்து அனுப்பினேன்.

"அலமாக், என்ன தொல்ல இது! சரிப்பா, சனிக்கிழம நானே வந்து பாக்குறேன்."

வந்தால் ஐந்து நிமிடத்தில் என் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடிக்கட்டும். எதிரே உட்கார்ந்து திட்டட்டும்.