மிதக்காத படகின் டிரைவர்

வெள்ள நிவாரணத்துக்கென வந்த பழைய மோட்டார் படகு, ஜெயங்கொண்டத்தில் ஓர் அலுவலக மரத்தடியில் செங்கல்மேல் நின்றது. அதற்கொரு டிரைவர், நனைந்தே அறியாத காக்கிச் சட்டை. வாரம் ஒருமுறை என்ஜினை ஓட்ட வேண்டும் என்பது விதி. என்ஜினைக் குளிர்விக்கும் பம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் அதன் ரப்பர் கருகிவிடும். அதனால் குழாயைத் தண்ணீர் டிரம்மில் விட்டு ஓட்டுவார். வெளியேறும் நீரை உள்ளங்கையில் ஏந்திச் சூடு பார்ப்பார்.

படகு பயன்பட்டதே இல்லையென்றால் அவர் பணியிடத்தை ரத்து செய்ய எழுதுவதற்காக, எண்பதுகளின் ஒரு வறட்சி வருடத்தில் தணிக்கை அதிகாரியாக நான் ஆய்வுக்குப் போனேன். டிரம்மில் நீர் குறைந்ததும், எனக்குக் குடிக்க வைத்திருந்த பானையை எடுத்து அதில் கவிழ்த்தார்.

“என்னப்பா இது?”

“நீங்க தாங்குவீங்க சார், ரப்பர் தாங்காது.”

“இது என்னைக்காவது மிதந்திருக்கா?”

“இல்லீங்க. ஆனா ஒரு நாளும் சூடேறி நின்னதில்லீங்க.”

வறண்ட தொண்டையோடு ‘பணியிடம் தொடரலாம்’ என்று எழுதினேன். எந்த விதியின்படி என்று இன்றுவரை தேடுகிறேன்.