கிளட்ச் அக்காவின் வண்டி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் கிளட்ச் அக்கா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்தினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுடைய கார் கார்புரேட்டர் காலத்துக் கிழம். கொஞ்ச நாளாக அது சிக்னலில் நின்றால் போதும், இருமிவிட்டுப் படுத்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மாணவிக்கு அழுகையே வந்துவிடும்.

"வித்துத் தொலைக்கா" என்று தம்பி நச்சரித்தான். அவள் பிடிகொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவளைக் கேட்காமலேயே பழைய வண்டி வாங்குகிறவரை வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டான்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "என் வண்டிக்கு ஆள் கூட்டிட்டு வர நீ யாருடா?" என்றவள், உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள்.

"உனக்கு ஓட்டத்தான் தெரியும். ரிப்பேருமா?"

"பார்த்துட்டுப் பேசு."

மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தது கொஞ்சம், மீதி துணிச்சல். பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றுகிற சின்ன ஸ்க்ரூவைத் திருகினாள். கோபத்தில் கை வேகமாகப் போய்விட்டது. எஞ்சின் பொசுக்கென்று அணைந்தது. தம்பி சிரித்தான். வாங்க வந்தவர் நாகரிகமாக வானத்தைப் பார்த்தார்.

முகம் எரிந்தாலும் அவள் நகரவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்க்ரூவைத் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகினாள். எஞ்சின் தடுமாறியது. வெளிப்பக்கமாகத் திருகினாள், சத்தம் சீராகி வேகமெடுத்தது. இன்னும் திருகியதும் சத்தம் கனத்து, புகையில் பெட்ரோல் நெடி அடித்தது. சீராக ஓடிய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். அடுத்து, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்துக்கான ஸ்க்ரூவைத் தளர்த்தி உறுமலைத் தணித்தாள். சுமை ஏறினால் அணைகிறதா என்று ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தாள். சத்தம் லேசாகத் தாழ்ந்தது, அவ்வளவுதான்.

"இது ஓடுற வண்டிப்பா. நான் வர்றேம்மா" என்று வந்தவர் கிளம்பிவிட்டார்.

தம்பி விடவில்லை. "நாளைக்கே மறுபடி நின்னா?"

"மறுபடி திருகுவேன். உனக்கென்ன? ஏறு, கிளாஸுக்குப் போற வழியில உன்னை வீட்டுல இறக்கி விடறேன்."

பானெட்டை அறைந்து மூடினாள். முதல் மாணவியின் வீட்டு வாசலில், வேண்டுமென்றே எஞ்சினை அணைக்காமல் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மணி அடிக்கப் போனாள். பின் சீட்டில் தம்பி, அது எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாணவி செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்த பிறகும் அது நின்றபாடில்லை.