ஆறு மீட்டர் கோட்டில் ஜக்ரூப்

"நம்மாளுங்க எல்லாரும்..." என்று யாராவது ஆரம்பித்தால் போதும், ஜக்ரூப்பின் கத்தி நின்றுவிடும். பாதி வெட்டிய தொடை கட்டைமேல் அப்படியே கிடக்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்பார்: "யாருய்யா அந்த எல்லாரும்? பேரு சொல்லு. ஒருத்தன் பேரு சொல்லு, பாக்கலாம்." சொல்லாதவருக்குக் கறி கிடையாது. சிட்னியில் லிவர்பூல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆட்டுக்கறிக் கடைக்கு இருபத்திரண்டு வருஷமாக வருகிறவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருகிறவர்கள் ஒரே தடவையில் கற்றுக்கொள்வார்கள்.

ஆளுக்கு வயது அறுபத்தெட்டு. பனைமரத் தூண் மாதிரி முன்னங்கை. இடது ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. ஃபிஜித் தீவின் லம்பாசாவில் கரும்புக்காட்டுக்கு நடுவே பிறந்து, நாலாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதே கிடையாது. "நாலாங்கிளாசுதான். ஆனா டாக்டரும் வக்கீலும் சனிக்கிழமை காலையில என் வாசல்ல வரிசையில நிக்கிறான். நான் கூப்பிட்டாத்தான் உள்ளே வர்றான்." உரித்த ஆடு ஒன்றை எலும்பு வேறு, கறி வேறாகப் பிரிக்கப் பதினொரு நிமிஷம். நம்பாதவர் கையில் தன் கடிகாரத்தையே கழற்றிக் கொடுப்பார். கடைப் பலகையில் ஆட்டின் படத்தைவிட அவர் பேர் பெரியது.

சனத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வெட்டுக்கட்டையில் தெரிந்துகொண்டதுதான். லம்பாசாக்காரருக்கு எலும்போடு சின்னத் துண்டு வேண்டும். பா ஊர்க்காரர் நெஞ்செலும்பை விட்டு வேறெதையும் தொடமாட்டார். சுவாவிலிருந்து வந்தவருக்குக் கொழுப்பைக் கண்டால் பயம். நம் முஸ்லிம் வீடுகளும் வாங்க வேண்டும் என்று அவர் ஹலால் கறி தவிர வேறு இறக்குவதில்லை. அவர்களிலும் ஒருவர் ஈரல் கேட்பார், அவருடைய சொந்த அண்ணனே ஈரலென்றால் முகம் சுளிப்பார். கறியே தொடாத குஜராத்திக் கடைக்காரர்கள் எதிர்ப்பக்கமாக நடந்து போய்விடுவார்கள். "ஒரு ஆட்டை இவங்க ஒரே மாதிரி தின்னு நான் பாத்ததில்ல. ஒரே மாதிரி ஓட்டுப் போடுறாங்களாம்! எந்தப் பேப்பர்க்காரன் பாத்தான்?"

ஒரே மாதிரி போட்ட காலமும் இருந்தது, அதை அவர் மறுக்கமாட்டார். அங்கே ஃபிஜியில் சட்டமே இந்தியனுக்குத் தனிப் பட்டியல், தனிப் பெட்டி என்று வைத்திருந்தது. தொழுவத்தில் அடைத்துவிட்டு, ஆடெல்லாம் ஒன்றாய் நிற்கிறது என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்தத் தொழுவத்துக்குள்ளும் என்ன நடந்தது? எழுபத்தேழில் ஒரே கட்சி பூச்சின்னம், புறாச்சின்னம் என்று இரண்டாக உடைந்தது. ஜக்ரூப்பின் அப்பா பூ, சித்தப்பா புறா. ஒரே கிணறு, ஒரே உழவு மாடு. அந்த அறுவடைக்குக் கரும்பு இழுக்க மாட்டை யார் ஓட்டுவது என்று கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. கரும்பு வயலிலேயே காய்ந்தது. "ஒரு மாட்டுக்கே ஒத்துவராத சனம்யா நாங்க" என்பார். அதைச் சொல்லும்போது குரலில் பெருமைதான் இருக்கும்.

இன்னொன்று அவர் யாருக்கும் சொல்வதில்லை. எண்பத்தேழில் ஃபிஜியில் நடந்த ராணுவப் புரட்சிக்கு அடுத்த வருஷம் குடும்பத்தோடு இங்கே வந்து, ஆடு மாடு அறுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் விரல் போனது. தொழிற்சங்கம் அவருக்காகப் பேசி நியாயம் வாங்கித் தந்தது. அந்தச் சங்கம் எந்தக் கட்சிப் பக்கமோ அந்தக் கட்சிக்கே அன்றிலிருந்து அவருடைய முதல் எண். இங்கே ஓட்டு என்றால் முத்திரையில்லை, நிற்கிறவர்களுக்கு 1, 2 என்று விருப்ப வரிசையில் எண் போடுவது. விரலுக்காகப் போட்டார். ஃபிஜிக்காகப் போடவில்லை. மனைவி பித்யாவதி யாருக்குப் போடுகிறாள் என்று நாற்பத்துநாலு வருஷமாக அவருக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டதற்கு, "நீ குளிக்கும்போது நான் எட்டிப் பாக்கிறேனா?" என்று கேட்டுவிட்டாள்.

கடைக்குள் தராசுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலி ஒன்று இருக்கிறது. கால் வலிக்கிறது என்று எந்தக் கிழவர் வந்து நின்றாலும் அதில் உட்கார முடியாது. அது தன்ராஜியுடையது. லம்பாசாவில் இருக்கும் அக்கா, வயது எழுபத்தாறு. அம்மா செத்த பிறகு சந்தையில் பயறங்காய் விற்று இவரை வளர்த்தவள். அப்பா இவரிடமிருந்து சிலேட்டைப் பிடுங்கிக் கையில் கரும்பு வெட்டும் கத்தி கொடுத்த அன்று அவரோடு சண்டை போட்டு அழுதவள். ஊரெல்லாம் கேட்க ஜக்ரூப் பெருமையடிப்பதெல்லாம் உண்மையில் அந்த ஒருத்தி காதுக்காகத்தான். "என் பேரு இவ்வளவு பெருசா எழுதியிருக்கிறத அவ வந்து பாக்கணும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால என்ன, அளவு தெரியும்ல?"

மூன்று மாதம் வந்துபோக விசா கேட்டார்கள். மூன்று வருஷத்தில் மூன்று முறை மறுத்தாயிற்று. அவள் திரும்பிப் போவாள் என்று நம்பக் காரணம் போதவில்லையாம். ஜக்ரூப் அந்தக் கடிதத்தைக் கட்டைமேல் வைத்துக் கத்தியால் குத்தினார். "வீடு இருக்கு, பசு இருக்கு, புருஷனை எரிச்ச ஆத்தங்கரை இருக்கு. இதுக்கு மேல திரும்பிப் போக என்னடா காரணம் வேணும் உங்களுக்கு?"

தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு பித்யாவதி கையால் நாலு கடிதம் போயின. பதில் ஒன்றுக்கும் இல்லை. வந்தது ஒரு தீபாவளி வாழ்த்து அட்டை. உறுப்பினர் கையில் விளக்கோடு சிரிக்கிறார். உங்கள் சமூகத்தின் ஆதரவுக்கு நன்றி என்று கீழே அச்சடித்திருந்தது. ஜக்ரூப் அதைத் தராசுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். ஆணியை உறுப்பினரின் நெற்றியில் அடித்தார்.

போன மாதம் உறுப்பினரின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மெரெடித் என்ற அம்மாள் கடைக்கு வந்தாள். கூடவே நம் ஃபிஜிக்காரர் சங்கத் தலைவர் ஹிர்தைலால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். "இந்த ஏரியா ஃபிஜிக்காரங்க நானூறு ஓட்டு. மொத்தமா நம்ம கையில" என்று ஹிர்தைலால் சொல்லிக்கொண்டே நுழைந்தார். கத்தி நின்றது.

"நானூறு பேரு சொல்லு."

"அண்ணே, இது கணக்கு. ஆளுக்காளு பேரு சொல்ற விஷயமா?"

"அதுதான்டா கேக்கிறேன். என் பேரு அதுல இருக்கா? யாரைக் கேட்டு எழுதினே?"

எதிர்க்கட்சிக்காரர்களோ அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. அங்கே போய் என்ன பிரயோசனம், அதெல்லாம் அவர்கள் ஓட்டு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்று கடையைச் சாத்தும்போது ஜக்ரூப் மனைவியிடம் சொன்னார்: "ஒருத்தன் பையில போட்டாச்சுங்கிறான். இன்னொருத்தன் கிடைக்காதுங்கிறான். ரெண்டு பேரும் என்னைப் பாக்கத் தேவையில்லாம போச்சு. நடுவுல என் அக்கா உக்காந்திருக்கா."

வாக்குப்பதிவு சனிக்கிழமை. கடையைப் பத்து மணிக்குப் பூட்டிவிட்டு, பித்யாவதியோடு ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாழ்த்து அட்டையை ஆணியிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். உறுப்பினர் வந்தால் அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. பள்ளிக்கூட முற்றத்தில் வரிசை நீண்டிருந்தது. பள்ளிப் பெற்றோர் சங்கத்தார் ஓட்டு நாள் வழக்கப்படி சாஸேஜ் வாட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து ஆறு மீட்டருக்குள் யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. அதற்கு அடையாளமாகத் தேர்தல் அதிகாரி தரையில் சுண்ணாம்புக்கோடு கிழித்து இரண்டு கூம்பு வைத்திருந்தார். கோட்டுக்கு வெளியே ஹிர்தைலால் நின்று, எப்படி ஓட்டுப் போடுவது என்று சங்கம் ஹிந்தியில் அச்சடித்த அட்டையை வரிசையில் ஒவ்வொரு கையிலும் திணித்துக்கொண்டிருந்தார்.

ஜக்ரூப் வாங்கிப் படித்தார். அவர் படிப்பது பார்க்கத்தக்க காட்சி. குறைவிரலை எழுத்தெழுத்தாக நகர்த்தி, உதட்டை அசைத்துப் படிப்பார். படித்தவன் படிக்காமலே கையெழுத்துப் போடுவான், நான் முற்றுப்புள்ளியைக்கூடத் தடவிப் பார்ப்பேன் என்பது அவர் பேச்சு. அன்றும் விரல் கடைசி வரியில் போய் நின்றது. நம் வேட்பாளருக்கு ஒன்று என்று போடுங்கள். மற்றக் கட்டங்களை விட்டுவிடுங்கள்.

"ஹிர்தைலால், இதை எழுதினது யாரு?"

"நான்தான் அண்ணே. வயசானவங்களுக்குக் குழப்பம் வேணாமேன்னு. போன தடவையும் இதே அட்டைதானே."

"போன தடவை மாநிலத் தேர்தல்டா! அதுக்கு ஒண்ணு போட்டாப் போதும். இது நாட்டுத் தேர்தல். ஏழு பேரு நிக்கிறான், ஏழு கட்டத்துலயும் எண் இருக்கணும். ஒண்ணு விட்டாலும் சீட்டு செல்லாது. உள்ளே கொடுக்கிற சீட்டுல தலைப்பிலேயே எழுதியிருக்கு. நீ இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?"

ஹிர்தைலாலின் முகம் சட்டையைவிட வெளுத்தது. காலை எட்டு மணியிலிருந்து அந்த அட்டையோடு உள்ளே போனவர்கள் நூறு பேராவது இருப்பார்கள்.

"நானூறையும் மொத்தமா வாங்கித் தர்றேன்னு சொன்னியே" என்றார் ஜக்ரூப். முற்றம் முழுக்கக் கேட்டது. "மொத்தமா குப்பையில போட்டியேடா! போட்டியா இல்லையா?"

வரிசை திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற பூல்மதிக் கிழவி, வாரம் தவறாமல் ஆட்டுத்தலை வாங்குகிறவள், கையிலிருந்த அட்டையை ஹிர்தைலாலிடம் காட்டவில்லை, ஜக்ரூப்பிடம் நீட்டினாள். "அப்ப நான் என்ன போடணும், நீ சொல்லுப்பா." அவளுக்குப் பின்னால் முப்பது நாற்பது முகங்கள் அவர் வாயைப் பார்த்தன. அவர் வெட்டிக்கொடுத்ததைத் தின்கிற முகங்கள்.

அதை மெரெடித்தும் பார்த்துவிட்டாள். ஜக்ரூப்பை வேலியோரம் குப்பைத்தொட்டிப் பக்கம் அழைத்துப்போனாள். ஹிர்தைலால் பின்னாலேயே ஓடி வந்தார்.

"மிஸ்டர் ஜக்ரூப், நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. முதல் எண் எங்களுக்கு, மீதியை இந்த வரிசையில. இது மட்டும் சொல்லுங்க. உங்க அக்கா விஷயம் திங்கட்கிழமை காலையில என் மேஜையில முதல் காகிதமா இருக்கும். நானே மேலிடத்துல பேசறேன்."

"மூணு வருஷமா அந்தக் காகிதம் எங்கேம்மா இருந்துச்சு?"

அவள் சுவரொட்டி எழுத வைத்திருந்த தடித்த பேனாவை நீட்டினாள். "பேரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதிக் கொடுங்க. இப்பவே."

"எழுதுங்கண்ணே" என்றார் ஹிர்தைலால். "இப்படி ஒரு சந்தர்ப்பம் வருமா? அக்காவை நினைச்சுப் பாருங்க. நீங்க எப்படியும் அவங்களுக்குத்தானே போடப்போறீங்க."

அது மெய். முப்பது வருஷமாக அப்படித்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அதுவும் பொய்யான வார்த்தையில்லை. நாற்காலியின் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிடலாம். விமானத்திலிருந்து இறங்கி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பலகையை அண்ணாந்து பார்ப்பாள். ஜக்ரூப்பின் தாடை இரண்டு தரம் அசைந்தது. கோட்டருகே பித்யாவதி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை வாங்கிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து வாழ்த்து அட்டையை எடுத்து, சிரிக்கும் முகத்தைக் கீழே கவிழ்த்துக் குப்பைத்தொட்டி மூடிமேல் வைத்தார். முதுகு வளைந்தது. வெட்டுக்கட்டைமேல் குனிவதுபோலவே குனிந்தார்.

"பெரிய எழுத்துல போடுங்கண்ணே. தன்ராஜி..." என்று எடுத்துக்கொடுத்தார் ஹிர்தைலால்.

ஜக்ரூப் 1 என்று எழுதினார். பிறகு 2. பிறகு 3.

"பாஸ்போர்ட் எண்தான் முதல்லயா? பரவாயில்ல" என்றாள் மெரெடித், எட்டிப் பார்த்துக்கொண்டே. 7 வந்ததும் அவர் நிறுத்தினார். அவளுடைய கண் அந்த எண்களின் மேல் இரண்டு முறை போய்வந்தது. "இது என்ன எண்?"

அவர் பேனாவை மூடி அவள் கையில் கொடுத்தார். அட்டையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்து கூம்புக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கோட்டுக்கு வெளியே ஒரு பாதம் தள்ளி நின்றார். எண் எழுதிய பக்கம் வரிசைக்குத் தெரியும்படி அட்டையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"ஏழு கட்டம், ஏழு எண்! ஒண்ணையும் விடாதீங்க! யாருக்கு எதுங்கிறது அவங்கவங்க பாடு, என்னைக் கேக்காதீங்க! மேலேருந்து கீழே கண்ணை மூடிக்கிட்டு வரிசையா போட்டா அதுக்குப் பேரு கழுதை ஓட்டு. போடணும்னா அதையும் போடுங்க, நீங்களே போடுங்க! பூல்மதி, உன்னைத்தான், நீயே போடு!"

தேர்தல் அதிகாரி குனிந்து அவர் பாதத்தையும் கோட்டையும் பார்த்துவிட்டு நகர்ந்தார். வரிசை நகர்ந்தது. கையிலிருந்த சங்கத்து அட்டைகள் ஒவ்வொன்றாகத் தொட்டியில் விழுந்தன.

"அண்ணே" என்றார் ஹிர்தைலால், பின்னாலிருந்து, இப்போது மெதுவாக. "அக்கா பேரு?"

ஜக்ரூப் திரும்பவில்லை. அட்டையைக் குறைவிரல் கைக்கு மாற்றி, இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தார்.